உண்டியலா? உரிமை மன்றமா?

“பள்ளிக்கூடத்திலே பெற்றோர் கூட்டமாம்” என்று பிள்ளை ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறது. அதைப் பிரித்துப் படிக்கும் முன்பே தகப்பன் கேட்கிறார்: “எவ்வளவு ரூவா கேக்காவ?” தோவாளையிலும் தக்கலையிலும் குளச்சலிலும் எழும் கேள்வி இது. பள்ளி கூப்பிட்டால் பணத்துக்குத்தான் என்று உழைப்பாளி வீடு முடிவு கட்டி நெடுநாளாகிறது. அதற்காக அந்தத் தகப்பனை நாம் குறை கூறமாட்டோம். அவர் கண்ட அனுபவம் அப்படி!

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது பெயர். பெயரிலே பெற்றோர் முன்னே நிற்கிறார். கூட்டத்திலே அவர் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்! காவல்காரருக்குச் சம்பளமா, கழகம் தரட்டும். துப்புரவு செய்யும் அம்மாளுக்குக் கூலியா, கழகம் தரட்டும். கணக்கு ஆசிரியர் மாறிப்போய் இடம் காலியாகக் கிடக்கிறதா, கழகமே யாரையாவது தற்காலிகமாக வைத்துக்கொள்ளட்டும். பல பள்ளிகளில் நடைமுறை இதுதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலக் கழகம் வினாத் தொகுப்பு நூல்கள் அச்சிட்டு விற்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று 2002ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலே எழுதிவைத்த ஒரு நாட்டில், காலியிடத்தை நிரப்பும் பொறுப்பு கூலிக்காரர் மடிக்கு வருவானேன்?

நம் மாவட்டத்துக்குப் பெருமை உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் கல்வியறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். இந்தப் பெருமை யார் தந்தது? 1817ஆம் ஆண்டிலேயே கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டார் என்பார்கள். ஆணை பிறந்தது மெய்தான். அந்த ஆணையின் நிழல் எல்லாக் குடிசைக்கும் எட்டியதா என்பதுதான் கேள்வி. மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயும், அவருக்குப் பின் நாகர்கோவிலில் பள்ளி வளர்த்த மீடும் திறந்த கதவுகள் வழியேதான் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் பலர் முதலில் எழுத்தைக் கண்டார்கள். சர்க்கார் பள்ளி வாசலிலோ சாதி காவல் நின்றது.

அந்தக் காவலை உடைத்தது எது? மனுவா? மன்றாட்டா?

1863ஆம் ஆண்டு வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யன்காளி. இன்று அந்த ஊர் கேரளத்தில் இருக்கிறது. அன்று நாமும் அவர்களும் ஒரே சமஸ்தானத்துக் குடிகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளியில் தம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது, புலையர் இனத்து உழவுத் தொழிலாளர்களை அவர் அழைத்தார். “எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குள் போகும்வரை நாங்கள் வயலுக்குள் இறங்கமாட்டோம்” என்பது அவர்களது நிலை. கூலி உயர்வை மட்டும் கேட்ட போராட்டம் அல்ல அது. சிலேட்டும் பலகையும் கேட்ட வேலைநிறுத்தம்! வயல் தரிசாகக் கிடந்தது. மேல்துண்டு போட்டவர்கள் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. குடிசைகளிலே பட்டினி. விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தங்கள் வள்ளங்களில் ஆளுக்கொரு இடம் கொடுத்து அந்தக் குடும்பங்களைத் தாங்கினார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கிறார்கள். பின்னர் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து அய்யன்காளி பள்ளிக்குள் நுழைந்தபோது, அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அது தெரிந்தும் அந்தப் பெற்றோர் பின்வாங்கவில்லை.

நம் மண்ணிலே முதல் பெற்றோர் கழகம் எது என்று யாராவது கேட்டால், பதிவேடும் ரப்பர் முத்திரையும் இல்லாத அந்தக் கூட்டத்தையே நாம் காட்டுவோம். அவர்கள் பள்ளிக்குப் பணம் தரவில்லை. தர ஏதும் இல்லை. பள்ளியின் கதவைக் கேட்டார்கள்.

கொடுப்பது இழிவு என்று நாம் சொல்லவில்லை. 1956 நவம்பர் முதல் நாள் நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தோம். 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைமையில். நாற்காலி கொடுத்தவர் உண்டு, நிலம் கொடுத்தவர் உண்டு. பானையும் பாத்திரமும் பகல் உணவுக்கு வந்தன. ஊர் தன் பள்ளியைத் தன் பள்ளி என்று எண்ணியது. அது நல்ல காலம். ஆனால் அரசு தானும் பள்ளி திறந்து, ஆசிரியரை நியமித்து, அதன் மேல் ஊரும் கொடுத்தது. அரசு கையை இழுத்துக்கொண்ட இடத்தை ஊர் நிரப்பட்டும் என்பது வேறு கதை.

இந்த வேறு கதைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2022ஆம் ஆண்டு அரசுப் பள்ளிகளில் 13,331 ஆசிரியர் இடங்கள் காலி என்று கணக்கெடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே தற்காலிகமாக நிரப்பிக்கொள்ள ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. பின்னாளில் தொகை கூட்டப்பட்டது உண்மை. ஆனால் தொடக்கத்தில் சொன்ன 7,500ஐ இருபத்தைந்து வேலைநாளால் வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 300! கட்டட வேலைக்குப் போகும் நம் தோழர்கள் இதைத் தங்கள் கூலியோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். காலியிடம் ஏன் என்று கேட்க வேண்டிய குழு, காலியிடத்துக்கு ஆள் பிடிக்கும் குழுவாயிற்று.

மேலாண்மைக் குழு என்றோமே, அது என்ன? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பது ஆகியவை அதன் வேலை. 2022இல் தமிழகம் முழுவதும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது 20 பேரில் 15 பேர் பெற்றோராக இருந்தார்கள். பழைய பெற்றோர் ஆசிரியர் கழகமும் பக்கத்திலேயே இருக்கிறது. கழகத்துக்கு வழக்கத்தின் பலம். குழுவுக்குச் சட்டத்தின் பலம்.

ஆனால் நம் மாவட்டத்தார் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இங்கே பிள்ளைகளில் பெரும் பகுதியினர் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் என்ன சொல்கிறது? உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் அந்தக் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். ஆகவே அங்கே சட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்தப் பள்ளிகளில் பெற்றோர் கழகம்தான் நமக்குள்ள வாய். அதையும் வசூல் பெட்டியாக விட்டுவிட்டால், பேச வேறு இடம் ஏது? 2021 டிசம்பர் 17 அன்று பக்கத்து நெல்லையில், உதவி பெறும் பள்ளி ஒன்றில், கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். அதன் பின்னரே ஊர் ஊராகப் பழுதடைந்த கட்டடங்களைத் தேடினார்கள். பள்ளிச் சுவரில் விரிசல் இருந்தால் பிள்ளைக்கு முதலில் தெரியும். வீட்டில் வந்து சொல்லும். அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஒரு தகப்பன் வேண்டாமா?

“கூப்பிட்டால் வருவதில்லையே இவர்கள்!” என்பது தலைமையாசிரியர்களின் குறை. எப்போது கூப்பிடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறோம். கீரிப்பாறையிலும் மணலோடையிலும் பால் வெட்டும் தோழர் விடியுமுன்னே மரத்தடிக்குப் போனவர். வெட்டிய பாலை எடுத்துச் சேர்க்க நண்பகலாகும். காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார்? அண்டி ஆபீசில் கொட்டை உடைக்கும் சகோதரி அரைநாள் விடுப்பு எடுத்தால் அரைநாள் கூலி போயிற்று. கன்னிப்பூ அறுப்பிலும் கும்பப்பூ அறுப்பிலும் வயலை விட்டு யார் வருவார்? தூத்தூர்ப் பக்கத்து மீனவர் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரங்கள் ஆகும். உத்தியோகம் பார்ப்பவருக்கு வசதியான நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, உழைப்பாளிக்கு அக்கறை இல்லை என்பது நியாயமன்று. மலையோரத்தில் மாலையில் வையுங்கள். கடற்கரையில் ஞாயிறன்று வையுங்கள். ஆண் கடலில் இருந்தால் பெண் பேசட்டும். வீட்டுக் கணக்கு அவள் கையில்தானே இருக்கிறது!

நம் தோழர்களிடமும் ஒரு சொல். கசந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கழகத் தலைவர் பதவி என்றதும் ஊரில் நாலு கட்சிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளை படிப்பதோ பேருந்து அனுப்பி அழைத்துப்போகும் ஆங்கிலப் பள்ளியில்! தன் பிள்ளையை அனுப்பாத பள்ளிக்குத் தலைவராக வர என்ன உரிமை? ஆண்டு விழாவில் பொன்னாடைக்கும் நோட்டீசில் பெயருக்கும் ஆசைப்படுகிறவரை அங்கே அனுப்பாதீர்கள். சுமை தூக்கும் தோழரை அனுப்புங்கள். ஆசிரியரை மிரட்டப் போகிறவரும் வேண்டாம். ஆசிரியரும் மாதச் சம்பளத் தொழிலாளிதான். இரண்டு வகுப்பை ஒருவரே கட்டி மேய்க்கும் பள்ளியில் குற்றவாளி அவரா?

அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோழர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகட்டும். இந்தப் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை, காலி எத்தனை, எந்த நாளிலிருந்து காலி? கழிவறையில் தண்ணீர் வருகிறதா? சென்ற ஆண்டு வசூலித்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று? பதிலை எழுதி, கூட்டக் குறிப்பிலும் ஏற்றச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு, கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் இதே கேள்விகளை எழுதி அனுப்பலாம். 30 நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.