பெரிய டயர்: மாற வேண்டியது சக்கரம் மட்டும்தானா?

ஆழமான பள்ளங்கள் வெட்டிய, உயரமான டயர்களைப் பூட்டிய ஜீப் வகை வாகனங்கள் இன்று மலைச் சாலைகளில் மட்டுமல்ல, மாநகர நெரிசலிலும் சாதாரணமாகத் தென்படுகின்றன. வார இறுதிகளில் கரடுமுரடான பாதைகளைத் தேடிச் செல்லும் ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. அதில் குறைகூற எதுவுமில்லை. ஆனால், வாகனம் வாங்கிய சில மாதங்களிலேயே நிறுவனம் கொடுத்த டயர்களைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர்களை மாட்டுவது வெறும் அலங்காரமாகக் கருதப்படுவது கவலை தருகிறது. டயரின் விட்டத்தை மாற்றுவது வாகனத்தின் கியரை மாற்றுவதற்குச் சமம். இதை அறியாமல் செய்யும் மாற்றம் ஏற்றத்தில் இன்ஜினையும், இறக்கத்தில் பயணிகளின் உயிரையும் சோதிக்கும். வாகனப் பொறியியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இதன் பின்னுள்ள கணக்கை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கடைசிக் கியர்

இன்ஜினின் சுழற்சி நேரடியாகச் சக்கரத்தை அடைவதில்லை. முதலில் கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம் கொண்ட வாகனமாக இருந்தால் அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ், இறுதியாக அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல். அந்த உருண்டைப் பெட்டிக்குள் ஒரு சிறிய பற்சக்கரமும் ஒரு பெரிய பற்சக்கரமும் இணைந்து சுழல்கின்றன. நம் மெக்கானிக்குகள் ‘கிரவுன் - பினியன்’ என்று சொல்வது இவற்றைத்தான். பினியன் எத்தனை முறை சுழன்றால் கிரவுன் ஒருமுறை சுழலும் என்பதே அச்சின் பற்சக்கர விகிதம். விகிதம் 4.10 என்றால், பினியன் 4.10 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். சுழற்சி குறையும் அதே அளவுக்கு முறுக்குவிசை பெருகும். மிதிவண்டியின் பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றினால் மேட்டில் மிதிப்பது எளிதாவதும், வேகம் குறைவதும் இதே விதியால்தான்.

பெரும்பாலோர் இந்தச் சங்கிலி அச்சோடு முடிந்துவிடுவதாக எண்ணுகிறார்கள். உண்மையில் கடைசிக் கியர் டயர்தான். அச்சு தரும் முறுக்குவிசையைச் சாலையைப் பிடித்துத் தள்ளும் விசையாக மாற்றுவது டயரின் ஆரம். ஆரம் கூடினால், அதே முறுக்குவிசையிலிருந்து கிடைக்கும் தள்ளுவிசை குறையும். நிறுவனத்தின் பொறியாளர்கள் இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு விகிதம், டயர் விட்டம் ஆகிய நான்கையும் சேர்த்தே ஒரு வாகனத்தின் இயல்பைத் தீர்மானிக்கிறார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் நாம் மாற்றினால், மற்ற மூன்றும் தவறான இடத்தில் வேலை செய்யத் தொடங்கும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள கணக்கு

மாற்றத்தின் அளவை அறியப் பள்ளிக் கணக்கே போதும். 2020-இல் வெளிவந்த மகிந்திரா தார் வாகனத்தின் உயர் வகைகளில் 255/65 ஆர் 18 என்ற அளவுள்ள டயர் வந்தது. இதில் 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ 166 மி.மீ. ரிம்மின் விட்டம் 18 அங்குலம். அதாவது, 457 மி.மீ. பக்கச்சுவரை இருமுறை கூட்டிக்கொண்டால் டயரின் மொத்த விட்டம் சுமார் 789 மி.மீ.

இதற்குப் பதிலாக 285/70 ஆர் 17 டயரை மாட்டினால் விட்டம் 831 மி.மீ.; கூடுதல் 5.3 விழுக்காடு. இன்னும் ஆசைப்பட்டு, ‘35 அங்குலம்’ என்று விற்கப்படும் 315/70 ஆர் 17 டயருக்குச் சென்றால் விட்டம் 873 மி.மீ.; கூடுதல் 10.7 விழுக்காடு. முதலாவது மாற்றத்தை ஓட்டுநர் உணர்வார், ஆனால், சமாளித்துவிடலாம். இரண்டாவது மாற்றத்தில், எல்லாக் கியர்களிலும் சாலையைத் தள்ளும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காணாமல் போகும். பெரிய டயரின் எடையும் அதிகம். அந்த எடை ஆரத்தின் விளிம்பில் இருப்பதால் அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும். அது தனி இழப்பு.

இத்தனையும் இருந்தும் பெரிய டயரை மக்கள் நாடுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் வாகனத்தின் உடல்தான் உயரும். திட அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டி உயராது. அதைப் பாறையில் இடிக்காமல் உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. விட்டம் 84 மி.மீ. கூடினால் அச்சு 42 மி.மீ. உயரும். பாறைப் பாதையில் இது பெரிய வேறுபாடு. ஆகவே, பெரிய டயரே கூடாது என்பது என் வாதமல்ல. அதற்குரிய விலையை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்பதே வாதம்.

தொழிற்சாலை எப்படிச் செய்கிறது?

இழந்த விகிதத்தை மீட்கும் சூத்திரம் எளிது. பழைய அச்சு விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். கரடுமுரடான பயணத்துக்குப் பெயர்பெற்ற ஜீப் ரேங்ளர் ரூபிகானை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான டயர் 285/70 ஆர் 17. அச்சு விகிதம் 4.10. 2021-இல் அந்நிறுவனம் தொழிற்சாலையிலேயே 315/70 ஆர் 17 டயரோடு ஒரு வகையை அறிமுகப்படுத்தியது. நம் சூத்திரப்படி புதிய விகிதம் 4.31 ஆக இருக்க வேண்டும். ஆனால், நிறுவனம் அதற்கும் மேலே சென்று 4.56 விகிதத்தைத் தேர்ந்தெடுத்தது. சஸ்பென்ஷனை உயர்த்தியது, உதிரிச் சக்கரத்தின் எடையைத் தாங்குவதற்காகப் பின்கதவின் கட்டமைப்பையும் வலுப்படுத்தியது. டயரை மாற்றுவதென்றால் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். சூத்திரம் தருவது குறைந்தபட்ச விடை. கூடுதல் எடையையும் காற்றுத் தடையையும் கருதினால், அதைவிட ஒரு படி மேலே செல்வதே முறை.

அந்தப் படிகளும் நாம் விரும்பியபடி அமைவதில்லை. பற்களை முழு எண்ணில்தான் வெட்ட முடியும். கிரவுனில் 41, பினியனில் 10 பற்கள் என்றால் 4.10, பினியனில் ஒரு பல்லைக் குறைத்து 9 ஆக்கினால் 4.56. கிரவுனில் 39, பினியனில் 8 என்றால் 4.88. விகிதம் உயர உயர, பினியனின் பற்கள் குறைந்து அது சிறுத்துக்கொண்டே போகும்; தாங்கும் வலிமையும் குறையும். எனவே, ‘அதிக விகிதம் அதிக நன்மை’ என்பதும் தவறு. தேவைக்கு மேல் சென்றால் நெடுஞ்சாலையில் இன்ஜின் ஓயாமல் அலறும், எரிபொருள் கரையும், பினியன் பலவீனப்படும்.

எந்த விகிதம் சரி என்பதை முடிவுசெய்வது வாகனத்தின் வேலைதான். இதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. போர் முடிந்த 1945-இல் அதே நிறுவனம் உழவர்களுக்காக வெளியிட்ட சிஜே-2ஏ ஜீப்பில், ஏறத்தாழ அதே இன்ஜினுக்கு 5.38 விகிதம் கொடுக்கப்பட்டது. ராணுவத்துக்குச் சாலை வேகம் தேவைப்பட்டது. வயலில் கலப்பையை இழுப்பவருக்கு இழுவை தேவைப்பட்டது. விடுதலைக்குப் பின் மகிந்திரா நிறுவனம் மும்பையில் பொருத்தத் தொடங்கியது வில்லிஸ் ஜீப்புகளைத்தான். நம் நாட்டு ஜீப் மரபின் வேரிலேயே இந்தப் பாடம் இருக்கிறது.

வாகனம் வாரத்தில் ஆறு நாள் நெடுஞ்சாலையில் ஓடி, ஒருநாள் மட்டும் காட்டுப் பாதைக்குச் செல்வதாக இருந்தால், சூத்திரம் தரும் விடைக்கு அருகில் நிற்பது போதும். மலைத் தோட்டங்களில் சுமையோடு ஏறி இறங்குவதாக இருந்தால் ஒரு படி மேலே செல்லலாம். தாழ்ந்த சுழற்சியிலேயே நல்ல முறுக்குவிசை தரும் டர்போ டீசல் இன்ஜின் சிறு இழப்பைப் பொறுத்துக்கொள்ளும். சிறிய பெட்ரோல் இன்ஜின் பொறுக்காது. ஏற்றத்தில் கிளப்பும்போது கிளட்ச் கருகும் வாடை அதன் முதல் முறையீடு. தானியங்கி கியர் வாகனத்தில் கியர்பாக்ஸ் இரு கியர்களுக்கிடையே ஊசலாடும்; அதன் எண்ணெய் சூடேறும்.

மறந்துவிடக் கூடாத விதி ஒன்று உண்டு. நான்கு சக்கர இயக்க வாகனத்தில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் சுழல வேண்டும். செலவை மிச்சப்படுத்தப் பின் அச்சை மட்டும் மாற்றினால், நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிய உடனே இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். இறுகிய தரையில் ஏதோ ஓர் உறுப்பு முறியும். கிரவுன் - பினியனைப் பொருத்துவதும் எல்லோருக்கும் கைவரும் வேலையல்ல. பற்களுக்கிடையிலான இடைவெளியை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு என்ற துல்லியத்தில் அமைக்க வேண்டும். தவறினால் அச்சு ஊளையிடும். நாளடைவில் பற்கள் சிதையும்.

இறக்கத்தில் காத்திருக்கும் ஆபத்து

பெரிய டயர் பற்றிய பேச்சு எப்போதும் இழுவையைச் சுற்றியே நடக்கிறது. என் அச்சம் வேறு. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய சாலைகளில் தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று அறிவுறுத்துவதன் காரணம், பிரேக்கின் சுமையை இன்ஜின் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே. பத்து விழுக்காடு பெரிய டயரை மாட்டிய வாகனத்தில், அதே இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் விசை குறைந்தது பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே வேகத்தில் இன்ஜின் முன்பைவிட மெதுவாகச் சுழல்வதால் அதன் தடை இன்னும் தளர்கிறது. மிச்சச் சுமை முழுவதும் பிரேக்கின் மீது விழுகிறது.

அந்தப் பிரேக்கும் பழைய பிரேக் அல்ல. பிரேக் வட்டு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது. சாலை அதன் விளிம்பைப் பிடித்துச் சுழற்றுகிறது. விளிம்பு தொலைவுக்குப் போனால் சாலையின் நெம்புகோல் நீள்கிறது. மிதியை அதே அளவு அழுத்தினால் கிடைக்கும் நிறுத்துவிசை பத்தில் ஒரு பங்கு குறையும். போதாக்குறைக்கு வேகமானியும் பொய் சொல்லும். அதன் இயல்பான மிகைக்கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 80 கி.மீ. என்று காட்டும்போது வாகனம் 88 கி.மீ. வேகத்தைத் தாண்டியிருக்கும். குறைந்த இன்ஜின் தடை, குறைந்த பிரேக் விசை, அறியாத வேகம், உயர்ந்துவிட்ட ஈர்ப்பு மையம் ஆகிய நான்கும் ஒரே வளைவில் ஒன்றுசேர்வதுதான் விபத்து.

அச்சு விகிதத்தை மாற்றினால் இவற்றில் இன்ஜின் தடை மட்டும் மீளும். பிரேக்கின் குறையை அது தீர்க்காது. வேகத்தைக் கியர்பாக்ஸின் பக்கம் கணக்கிடும் வாகனங்களில் வேகமானியும் சரியாகும். சக்கரங்களில் உள்ள உணரிகளிலிருந்து கணக்கிடும் வாகனங்களில் மின்னணுக் கட்டுப்பாட்டு அமைப்பையும் திருத்தியாக வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. இந்தச் சட்டத்தை ஆர்வலர்கள் பலர் தங்கள் பொழுதுபோக்கின் எதிரியாகப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன கணக்கை அறிந்தவர்கள் அப்படிப் பார்க்க மாட்டார்கள். சட்டம் காப்பது, பல உறுப்புகள் சேர்ந்து கட்டிய ஒரு சமநிலையை.

ஆனால், சட்டம் மட்டும் போதாது. சாலையோரச் சோதனையில் அபராதம் விதிப்பதைவிட, டயர் விற்கும் இடத்திலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும். மாற்று டயரின் விட்டம் எத்தனை விழுக்காடு வேறுபடுகிறது என்பதை ரசீதில் எழுதித் தருவதைக் கட்டாயமாக்கலாம். அதற்குக் கைப்பேசிக் கணக்கியே போதும். அமெரிக்காவைப் போல வெவ்வேறு விகிதக் கிரவுன் - பினியன்கள் நம் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. தேவை இருப்பதை நிறுவனங்கள் அறிந்தே இருக்கின்றன; பெரிய டயர், உரிய அச்சு விகிதம், வலுவான பிரேக் மூன்றையும் சேர்த்துச் சான்று பெற்ற வகைகளைத் தொழிற்சாலையிலிருந்தே அவை வழங்க முன்வர வேண்டும்.

அதுவரை வாகன உரிமையாளர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் இதுதான்: விட்ட வேறுபாடு மூன்று விழுக்காட்டுக்குள் அடங்கட்டும். அதைத் தாண்ட ஆசைப்பட்டால், டயர் வாங்கும் முன்பே அச்சு விகிதம், பிரேக், வேகமானி, பதிவுச் சான்று ஆகிய நான்குக்கும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும், நிறுவனம் கொடுத்த டயரே உங்கள் வாகனத்துக்குப் பொருத்தமான டயர்.