சேர்த்து வைத்தவர் நாகர்கோவில்காரர்!

1978-ல் அடித்துக்கொண்டு பிரிந்த 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற லண்டன் பங்க் ராக் கோஷ்டி, 1996-ல் மறுபடி ஒன்று சேர்ந்தது. எதுக்குய்யா சேர்ந்தீங்க என்றால், பணத்துக்குத்தான் என்று பச்சையாகவே சொன்னார்கள். புது ஆல்பம்? மூச்!

நம்ம ஊர் ஜோடி ஒன்று சேர்ந்ததும் 'பணம்' மூலமாகத்தான். பதறாதீங்க, அது 1952-ல் கலைவாணர் என்.எஸ்.கே. டைரக்ட் செய்த படம்! அந்த வருஷம் சி.ஆர்.சுப்பராமன் காலமாகிவிட, அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும், வடக்கே சங்கர்-ஜெய்கிஷன் மாதிரி ஜோடியாக்கியவர் இந்த ஒழுகினசேரிக்காரர்தான் என்பார்கள். ராமமூர்த்திக்கு ஆறு வயசு கூடுதல். பெயர் மட்டும் பின்னால்!

1965-ல், 'ஆயிரத்தில் ஒருவ'னோடு பிரிந்தார்கள். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள், விடுங்கள். உரிமையோடு அதட்டி உட்கார வைக்கக் கலைவாணர் இல்லை, 1957-லேயே போய்விட்டார்.

பக்கத்து சீட்காரரிடம் முப்பது நாள் முறைத்துக்கொண்டாலே ஆபீஸில் ஃபைல் நகராது. இவர்கள் முப்பது வருஷம் கழித்து, 1995-ல், 'எங்கிருந்தோ வந்தா'னில் சேர்ந்தார்கள். சத்யராஜுக்கு ஜோடி ரோஜா. ஆனால் 1992-லேயே இன்னொரு 'ரோஜா' வந்து, கேட்கிறவர்கள் காதையே மாற்றிவிட்டதே! படமும் கைகொடுக்கவில்லை.

ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் மறைந்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் கேசட் கிடந்தால், தூசி தட்டி ஒருதரம் போட்டுக் கேளுங்களேன்.