காலைக் காக்கும் ஆறு வாரங்கள்

பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவதை ஆண்டுதோறும் பக்தியோடு காண்கிறோம். ஆனால், நீரிழிவு நோயுற்ற நம் பெற்றோரின் பாதங்களை வீட்டில் குனிந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நீரிழிவு நாளடைவில் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. முள் தைத்தாலும் வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டமும் குன்றினால் புண் ஆறாது ஆழமாகி, கிருமிகள் எலும்பில் குடியேறுகின்றன. புண்ணுக்குள் மழுங்கிய உலோகக் கம்பியைச் செலுத்தும்போது எலும்பு தட்டுப்படுமாயின், மருத்துவரின் ஐயம் வலுக்கிறது. முதலிரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தெரியாமலும் போகலாம்.

“இனிக் காலை எடுக்க வேண்டியதுதானோ?” என்று குடும்பத்தார் கலங்குவது இயல்பே. ஆயினும் எல்லோருக்கும் அந்நிலை நேர்வதில்லை. எலும்பை அகற்றாமலே மருந்தால் குணப்படுத்தத் தக்கவர்களுக்கு ஏறத்தாழ 6 வாரங்கள் ஆன்டிபயாடிக் அளிக்கலாம் என 2023-ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ நெறிமுறை கூறுகிறது. கெட்ட எலும்பை வெட்டியெடுத்த பின்னும் எஞ்சிய எலும்பில் கிருமி காணப்பட்டால், 3 வாரங்கள் வரை மருந்து தேவைப்படும். எலும்பிலிருந்தே சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால் ஏற்ற மருந்தைத் தெரிவு செய்வது எளிதாகும்.

ஊசி மருந்தே உயர்ந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. எலும்பு, மூட்டுத் தொற்றுடைய 1,054 பேரிடம் பிரிட்டனில் நடந்து, 2019-இல் வெளியான ஆய்வோ, முதல் 6 வாரங்களில் தக்க மாத்திரைகள் ஊசிக்குக் குறைந்தவையல்ல என்று காட்டியது.

ஆகவே, பத்தாம் நாளில் புண் காய்ந்ததைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடலாகாது. மேலே தோல் மூடினும் உள்ளே கிருமி உயிரோடிருக்கலாம். பழைய சீட்டைக் காட்டித் தாமே மருந்து வாங்குவதும் தவறு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும், புண்ணின்மீது உடற்பாரம் விழாமற் காத்தலும் மருந்துக்குத் துணை நிற்பன. காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், விரல் கருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனை சேர்க. அப்போது அறுவைச் சிகிச்சை அவசியமென்றால் மறுத்தலாகாது. அதுவே உயிரைக் காக்கலாம்.

வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்துகொள்வோர் நம்மிடையே பலர். மரத்த பாதமுடையோர் அவ்வாறு நடத்தல் ஆகாது. புண்ணுடையோர் நடைப்பயணத்தையே தவிர்த்தல் வேண்டும். பேருந்தில் வந்து தன் திருமுன் நிற்கும் பிள்ளையையும் ஆரோக்கிய அன்னை அன்போடுதான் ஏற்பாள்.