உபகாரமா, கூலியா?

அமெரிக்க தேசத்தில் 'புட்பால்' என்று வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிர்க்கட்சியார் அவன்மேல் பாய்ந்து கீழே தள்ளும் ஆட்டம் அது. தலையில் கவசம் அணிந்துதான் மைதானத்தில் இறங்குகிறார்கள். அந்நாட்டு ஜனங்களுக்கு இதில் உள்ள மோகம் சொல்லி முடியாது. மிச்சிகன் சர்வகலாசாலையின் ஆட்ட அரங்கில் மட்டும் லட்சம் பேருக்கு மேல் அமர்ந்து பார்க்கலாம். ஆடுகிறவர்களோ இருபது பிராயத்தை ஒட்டிய மாணவர்கள்.

இம்மாணவர்களுக்கு நெடுங்காலம் கிடைத்து வந்தது சம்பளம் அன்று, உபகாரச் சம்பளம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சொல்தான் வித்தியாசம். ஆனால் விவகாரம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. சம்பளம் உழைத்தவனுக்கு உரிமை. உபகாரமோ கொடுப்பவர் மனம்போல.

கலாசாலை விளையாட்டுகளை மேற்பார்க்கும் தேசியச் சங்கம் 1906-ல் தோன்றியது. 'மாணவ ஆட்டக்காரர்' என்ற தொடரை 1950-களில் வழக்கில் கொணர்ந்தது அச்சங்கமே. அடிபட்ட மாணவன் தன்னைத் தொழிலாளி என்று சொல்லி நஷ்ட ஈடு கேட்டுவிடக் கூடாதே என்ற அச்சந்தான் காரணம். சங்கத்தின் தலைமை நிர்வாகியாகப் பல்லாண்டு விளங்கிய வால்டர் பையர்ஸ் என்பவரே பிற்காலத்தில் தம் நூலில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த அச்சத்துக்கு ஆதாரமும் இருந்தது. 1955-ல் கொலராடோ மாகாணத்தில் கலாசாலை மாணவர் ஒருவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி நஷ்ட ஈடு கோரினார். கலாசாலை புட்பால் வியாபாரம் நடத்தவில்லை என்று கூறி, 1957-ல் மாகாண உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

வியாபாரம் இல்லையென்றால், பெரிய கலாசாலைகளில் டிக்கெட்டிலும் டெலிவிஷனிலும் வந்து குவியும் பணத்துக்கு என்ன பெயர்? அலபாமா சர்வகலாசாலையின் பயிற்சியாளர் நிக் சேபன் 2024-ன் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். கடைசி ஆண்டுகளில் அவர் பெற்றது ஆண்டொன்றுக்கு ஒரு கோடி டாலருக்கு அதிகம். பயிற்சி தருபவருக்குச் சம்பளமாம். முழங்காலை முறித்துக்கொள்பவனுக்கு உபகாரமாம்!

"விலை மதிப்பற்ற கல்வியைத் தருகிறார்களே, அது போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் காலந் தள்ளும் எனக்குக் கல்வியின் அருமை தெரியாமல் இல்லை. ஆனால் 1973-க்குப் பிறகு பல்லாண்டுகள் அந்த உபகாரம் வருஷத்துக்கு வருஷம் புதுப்பித்தால்தான் உண்டு. நன்றாக ஆடாதவனுக்கு மறு வருஷம் அது நிச்சயமில்லை. வட கரோலினா சர்வகலாசாலையிலோ 1993 முதல் 2011 வரை, வகுப்பும் இன்றி ஆசிரியரும் இன்றி, ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் நல்ல மார்க்குக் கிடைக்கும் பாடங்கள் நடந்தன. அவற்றில் சேர்ந்த மூவாயிரத்துச் சொச்சம் மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆட்டக்காரர்கள் என்று 2014-ல் விசாரணை அறிக்கை வெளியிட்டது. கல்விதான் கூலி என்றால், அந்தக் கூலியிலும் கலப்படம் செய்வது தர்மமா?

இதே ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்களின் கதை வேறு. அவர்கள் 1956-ல் சங்கம் கண்டார்கள். 1982-ல் 57 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1987-ல் மீண்டும் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் விரும்பிய குழுவில் சேரும் உரிமை 1993-ல் கைகூடிற்று. 2020-ல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி வருமானத்தில் நூற்றுக்கு 48 பங்கு ஆட்டக்காரர்களுக்கு. எவரும் இரங்கிக் கொடுத்ததன்று. ஒன்றுசேர்ந்து பேசிப் பெற்றது.

கலாசாலை ஆட்டக்காரர்களும் முயன்றார்கள். நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை மாணவர்கள் 2014-ல் தொழிற்சங்கம் அமைக்கப் புறப்பட்டார்கள். மறு ஆண்டு தேசியத் தொழிலாளர் வாரியம் அதில் தலையிட மறுத்தது. 2021-ல் காற்று மாறிற்று. படிப்பைச் சார்ந்த உதவிகளுக்கு வரம்பு கட்டும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லையென்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஒன்பதுபேரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டே தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் பெற மாணவர்களுக்கு வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசப்படி, பழைய பாக்கிக்காகச் சுமார் 280 கோடி டாலர். அன்றியும் ஒவ்வொரு கலாசாலையும் முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை எல்லா ஆட்டக்காரர்களுக்குமாகப் பங்கிட்டுத் தரலாம்.

மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் அந்தச் சமரசமும் அவர்களைத் தொழிலாளர் என்று ஏற்கவில்லை. பெயர் பெற்றவனுக்குப் பணம் கிடைக்கும்; பெயர் தெரியாதவன் அடிபட்டால்? கலாசாலையை விட்டபின் இரண்டாண்டு வரை வைத்தியச் செலவை ஏற்க வேண்டும் என்று 2024-ல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. முறிந்த முழங்கால் இரண்டாண்டோடு வலியை நிறுத்திக்கொள்ளுமா?

கொலராடோ விதவை லாபத்தில் பங்கு கேட்கவில்லை. உழைப்பில் உயிர் துறந்தவனை உழைத்தவன் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார். கோடிகளைப் பங்கிடத் துணிந்துவிட்ட கலாசாலைகள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இன்னும் தயங்குவானேன்?