சிப்பி சொன்ன காலக்கணக்கு

பீங்கானுக்குப் பெயர்பெற்ற எங்கள் விருத்தாசலத்தைத் திருமுதுகுன்றம் என்றனர் முன்னோர். இவ்வட்டாரப் பாறைகளின் முதுமையை அறியக் கடல் கடந்து அறிஞர்கள் நடத்திய கருத்துப் பரிமாற்றத்தை இன்று கூறுகிறேன்.

1840ஆம் ஆண்டளவில் சென்னை மாகாண அரசுப் பணியிலிருந்த கேய், கன்லிப் என்னும் இருவர், புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லாய்ச் சமைந்த சிப்பி, நத்தை, அம்மோனைட்டு ஆகிய மெல்லுடலிகளைத் திரட்டினர். சாளக்கிராமத்தில் நாம் காணும் சக்கரச் சுவடு அம்மோனைட்டின் ஓடே. திரட்டியவற்றை இடக் குறிப்புகளுடன் இலண்டன் புவியியல் கழகத்திடம் சேர்ப்பித்தனர்.

நம் நாட்டைக் கண்டிராத எட்வர்டு போர்ப்ஸ் அவற்றை ஐரோப்பியச் சிப்பிகளோடு ஒப்பிட்டு, 1846இல் அறிக்கை வெளியிட்டார். ஒவ்வோர் இனமும் ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் மறைவது. ஆதலின் ஒரே இனச் சிப்பிகளைத் தாங்கும் பாறைகள் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இம்முறையால் மூன்று இடங்களும் கிரெட்டேசியக் காலத்தவை எனக் கண்டார். ஆயினும் அவற்றுள் புதுச்சேரிப் பாறையே மூத்தது என்றார்.

பின்னர் பிளான்போர்டு இப்பகுதிகளை நேரில் அளந்து 1862இல் அறிக்கை தந்தார். கல்கத்தாவிலிருந்து ஸ்டோலிக்ஸ்கா சிப்பியினங்களை விரிவாக விவரித்தார். புதுச்சேரிப் பாறைகள் அக்காலத்தின் இறுதிக் கட்டத்தவை, சுமார் 7 கோடி ஆண்டு வயதினவே எனப் பிற்கால ஆய்வுகள் நிறுவின.

போர்ப்ஸ் பெருமேதை, எனினும் அவர் முடிவு திருத்தப்பட்டது. சிப்பிகளும் அவற்றின் இடக் குறிப்புகளும் காக்கப்பட்டமையால் அன்றோ அது இயன்றது? நீங்களும் ஒரு கற்சிப்பியைக் கண்டால், எவ்வூர், எவ்வடுக்கு, எந்நாள் என்பதை உடனே எழுதி வையுங்கள். அக்குறிப்பு இல்லையேல், பின்வருவோர்க்கு அது வெறுங்கல்லே.