நினைவுப் பொருளுக்கு இரண்டாம் பயணம் வேண்டும்

நீஸ், அவிஞ்ஞோன், எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்று தென் பிரான்சின் எந்த ஊருக்குப் போனாலும், பழைய நகரத்துச் சந்துகளில் ஒரே கடைதான் திரும்பத் திரும்ப வருகிறது. லாவெண்டர் திணித்த துணிப் பை, பீங்கானில் செய்த சில்வண்டு, மஞ்சளும் நீலமுமாக மேசை விரிப்பு, அடுக்கி வைத்த சோப்புக் கட்டிகள். முதல் தடவை வருகிறவர் இவற்றை ஊர் திரும்பும் நாளின் கடைசி மணி நேரத்தில் அள்ளிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதை வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு அவகாசமே இருந்ததில்லை. சினிமாவிலும் விளம்பரத்திலும் பார்த்த புரோவான்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார், அதையே பொருளாக வாங்கிக்கொண்டு போகிறார். பிடித்துப்போன ஊருக்கு மறுபடியும் போகும்போதுதான் அந்தப் படம் விலகி, அந்த மண்ணில் எது விளைகிறது, யார் எதைச் செய்கிறார்கள் என்பது கண்ணில் படத் தொடங்குகிறது. வீட்டில் வைத்துப் போற்றத்தக்க பொருள் அப்போதுதான் கைக்கு வரும் என்பது என் வாதம்.

லாவெண்டரையே எடுத்துக்கொள்வோம். ஜூலையில் வலான்சோல் பீடபூமிக்குப் போய் ஊதா வரிசைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் நிற்பது லாவண்டின் வயலில். இரண்டு லாவெண்டர் இனங்கள் கலந்து உண்டான, விதை பிடிக்காத கலப்புச் செடி அது. தாழ்ந்த நிலத்திலும் செழிக்கும், எண்ணெயும் பல மடங்கு கொடுக்கும், ஆனால் மணத்தில் கற்பூர நெடி தூக்கலாக இருக்கும். நுண்மணம் கொண்ட அசல் லாவெண்டர் உயரமான இடங்களை விரும்பும் செடி. சோ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் அதற்குப் பேர்போனது. மேல் புரோவான்ஸ் பகுதியில் எடுக்கப்படும் லாவெண்டர் எண்ணெய்க்கு 1981 முதல் பிறப்பிடச் சான்று இருக்கிறது. படத்துக்காக வலான்சோலுக்குப் போய்வந்தவர், அடுத்த முறை சோவுக்கு ஏறிப் போய் இரண்டு எண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தால், பிறகு துணிப் பைகளைத் தொடமாட்டார். விரல் நீளக் குப்பி ஒன்று போதும் அவருக்கு.

களிமண் பொம்மைகளின் கதை இதைவிட ஆழமானது. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் இந்தச் சிற்றுருவங்களைப் புரோவான்ஸில் சான்தோன் என்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டு, பொது இடத்தில் குடில் வைப்பது நின்றுபோனபோது, மக்கள் அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். மார்செய் நகரத்து ழான் லூயி லான்யெல் பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி, ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் உருவங்கள் செய்தார். 1803இல் மார்செயில் தொடங்கிய சான்தோன் சந்தை இன்றும் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸை ஒட்டி நடக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெத்லகேமின் ஆட்கள் அல்லர், புரோவான்ஸ் கிராமத்து ஆட்கள்: மீன்காரி, சாணை பிடிப்பவர், தண்ணீர் சுமப்பவள், மேளக்காரர், வியப்பில் இரண்டு கையையும் தூக்கி நிற்கும் வெள்ளந்தி மனிதர். ஒரே நாளில் முழுச் செட்டையும் வாங்குவது அங்கே வழக்கமில்லை. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சேர்ப்பார்கள். குடும்பத்தோடு குடிலும் வளரும். கொலு வைக்கும் வீட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, இந்தப் பொருளே மறுபடியும் வரச் சொல்லும் பொருள். ஓபாஞ் நகரத்துப் பட்டறைகளில் பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் செய்தவரின் பெயரோ முத்திரையோ இருக்கும். போன தடவை சாணைக்காரரை வாங்கியவர் இந்தத் தடவை அதே பட்டறையில் மீன்காரியைத் தேடுவார். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அவருக்கு இப்போது தெரியும்.

‘அசல் என்று எதைச் சொல்கிறீர்கள், இவை எல்லாமே வியாபாரத்துக்காகப் பிறந்தவைதானே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சுவரில் மாட்டும் பீங்கான் சில்வண்டு, ஓட்டுத் தொழிற்சாலை ஒன்று தன் வாடிக்கையாளர்களுக்குப் பரிசளிக்கக் கேட்டதற்காக 1895இல் ஓபாஞ் ஊர்க் கலைஞர் லூயி சிகார் செய்தது. மார்செய் சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேரக் கூடாது என்று 1688இல் அரசாணை போட்டார்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொப்பரை எண்ணெயும் பனை எண்ணெயும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பூப்போட்ட புரோவான்ஸ் துணியோ நம் கரையிலிருந்து போனது. சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கி அங்குள்ளவர்களை மயக்கின. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களைக் காப்பாற்ற 1686இல் பிரான்ஸ் அவற்றின் இறக்குமதியையும் உள்நாட்டு அச்சிடலையும் தடைசெய்தது. 1759 வரை நீடித்தது அந்தத் தடை. இடையில் 1734இல் புதுச்சேரி வந்த கடற்படை அதிகாரி போலியூ, இங்குள்ள கைவினைஞர்கள் துணிக்குச் சாயம் ஏற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் குறித்து, அந்தந்தக் கட்டத்துத் துணித் துண்டையும் சேர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோனார்.

ஆனால் இந்தச் சான்றுகள் என் வாதத்தைத் தளர்த்தவில்லை. விற்பதற்காகச் செய்யப்பட்டது என்பது ஒரு பொருளுக்கு இழுக்கே அல்ல. சான்தோனும் சந்தைப் பொருள்தான். நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பொருளைச் செய்யும் வேலை இன்னும் அந்த ஊரில் நடக்கிறதா? மார்செயில் இன்றும் பெரிய கொப்பரையில் நாள்கணக்காகக் காய்ச்சி, கட்டியில் 72 சதவீதம் எண்ணெய் என்று முத்திரை குத்தும் ஆலைகள் உண்டு. எங்கோ செய்து அதே பெயரில் விற்கும் சோப்பும் அடுத்த கடையிலேயே உண்டு. தாராஸ்கோன் நகரத்துச் சூலியாடோ அருங்காட்சியகத்தில் துணி அச்சிட்ட மரக்கட்டைகளைப் பார்த்தவர், மேசை விரிப்பில் ஓடும் பூங்கொடி எந்தக் கடல் தாண்டி வந்தது என்று யோசிப்பார். புதுச்சேரிக்காரர் அதை வாங்கினால், தன் கரையின் கைவேலையால் அயல் ஊரில் வேர்பிடித்த ஒரு தொழிலை வாங்குகிறார். இந்த அறிவெல்லாம் அவசரச் சுற்றுலாவில் கிட்டாது.

புது ஊர் ஆயிரம் இருக்கப் பார்த்த ஊரையே ஏன் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. எக்ஸில் பிறந்த செசான், சேன்ட் விக்துவார் மலையை 30க்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்களில் வரைந்தார். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. 1989 கோடையில் பெருந்தீ அந்த மலைச்சரிவுகளை எரித்தது, ஆகவே மலைகூட நின்ற கோலத்தில் நிற்பதில்லை. ஆர்ல் நகரில் வான்கோவின் மஞ்சள் வீட்டைத் தேடிப் போகிறவர், அது 1944 குண்டுவீச்சில் சிதைந்துபோனதை அறிந்து ஏமாறுவார். அந்த ஏமாற்றம் முதல் பயணத்தோடு போகும். அடுத்த முறை அவர் வீட்டைத் தேடமாட்டார், ரோன் ஆற்றங்கரையில் மாலை வெளிச்சத்தைப் பார்ப்பார்.

செலவுதான் உண்மையான தடை. சென்னையிலிருந்து விசா வாங்கி, விமானச் சீட்டுக்குச் சேர்த்துவைத்துப் போகிறவரிடம் இரண்டு முறை போங்கள் என்று சொல்வது கொடுமை. பாரிஸ் லா ஷப்பெல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழருக்கும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் அது எளிது. மார்செய்க்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். மற்றவர்கள் ஒரே பயணத்துக்குள் மறுபயணத்தை அமைத்துக்கொள்ளலாம். ஆறு ஊரை இரண்டாகக் குறைத்து, முதல் நாளில் பட்டறையைப் பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறக்காமல் வர வேண்டும். வாரச் சந்தை நடக்கும் காலையில் மறுபடியும் போய், வியாபாரியிடம் இது எங்கே செய்தது, யார் செய்தது என்று கேட்க வேண்டும். பட்டறையோடு தொடர்புள்ளவர் உடனே ஊர்ப் பெயரைச் சொல்வார், பல நேரம் போய்ப் பார்க்க வழியும் சொல்வார். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடலாம். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.