ராயபுரம் ரயில் நிலையம், 1856

தோள்பையை இறக்கி வைத்துவிட்டு இந்தத் தூண்களின் நிழலில் கொஞ்சம் நில்லுங்கள். கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் மதியத்துக்கு மேல் காற்று வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிப்போகும். பக்கத்துக் கடையில் ஒரு பன்னீர் சோடா கிடைத்தால் பாக்கியம்.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு இந்த நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர், பொதுமக்கள் வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பம்பாயும் ஹவுராவும் முந்திக்கொண்டன, உண்மை. ஆனால் அவற்றின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. இது நிற்கிறது.

1873இல் சென்ட்ரல் வந்தது. ராயபுரத்தின் மவுசு குறைந்தது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடத்தை 2005இல் புதுப்பித்தார்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இன்றும் இங்கே நின்றுதான் போகிறது.

ஊர்ப்பெயர் இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. மீனவர்களைக் கொண்ட ஊருக்கு மீனவரான அவர் பெயர் பொருத்தம்தான்.

காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்க்க ஆசையிருந்தால், விடிவதற்குள் போய்விடுங்கள்.